ஆணி பதித்த மிதிவண்டி டயர்

ஆணி பதித்த மிதிவண்டி டயர் என்பது, பனிக்கட்டி படிந்த சாலையில் வழுக்காமல் செல்லும் பொருட்டு, தரையைத் தொடும் பரப்பில் சிறு உலோக ஆணிகள் பதிக்கப்பட்ட மிதிவண்டி டயர் ஆகும். பின்லாந்து, சுவீடன், நார்வே, கனடா, செருமனி, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள் முதலிய குளிர்நாடுகளில், ஆண்டு முழுவதும் மிதிவண்டியில் வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். பொதுவாகக் குளிர்காலத் தொடக்கத்தில் பொருத்தப்பட்டு, இளவேனிலில் கழற்றி வைக்கப்படுகின்றன.

இவற்றுள் பல வகைகள் உண்டு. ஆணிகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வரிசைகள், ஆணி செய்யப்பட்ட பொருள், டயரின் அகலம் ஆகியவற்றால் அவை வேறுபடுகின்றன. ஓர் ஊருக்குப் பொருத்தமான டயர் மற்றோர் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். எனவே எந்த டயரை வாங்குவது என்ற கேள்விக்கு விடை, அந்த ஊரின் சாலையில் குளிர்காலத்தில் என்ன கிடக்கிறது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

பனியும் பனிக்கட்டியும்

தமிழில் பனி என்ற ஒரே சொல், மார்கழிக் காலையில் புல்லின் மேல் படியும் நீர்த்துளியையும், மூடுபனியையும், வானிலிருந்து பஞ்சுபோல் விழும் உறைந்த நீரையும் குறிக்கும். இக்கட்டுரையின் பொருளை விளங்கிக் கொள்ள இவற்றைப் பிரித்தறிவது தேவை. வானிலிருந்து விழுவது வெண்பனி. அது வண்டிகளாலும் கால்களாலும் மிதிபட்டு இறுகினால் இறுகிய பனி. உருகிய நீர் மீண்டும் உறைந்தால் பனிக்கட்டி. பாதி உருகிய நிலையில் சாலையோரம் கிடப்பது பனிக்குழம்பு. தார்ச்சாலையின் மேல் கண்ணாடிபோல் மெல்லிதாகப் படிந்து, கீழே உள்ள தாரின் கரிய நிறமே தெரியும்படி இருக்கும் பனிக்கட்டிப் படலம் கரும்பனி எனப்படும்.

ஆணி டயர் பயன்படுவது இறுகிய பனியிலும், பனிக்கட்டியிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரும்பனியிலும் ஆகும். புதிதாக விழுந்த ஆழமான வெண்பனியில் ஆணியால் பெரிய பயன் இல்லை. அங்கு ஆணி பற்றிக் கொள்வதற்கு உறுதியான பொருள் எதுவும் இல்லாததே காரணம். அத்தகைய பனியில் டயரின் அகலமும், தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் பட்டன் எனப்படும் இரப்பர்ப் புடைப்புகளுமே உதவும். ஆணி டயர் இருந்தால் எல்லாப் பனியிலும் ஓட்டலாம் என்று எண்ணுவது, முதன்முதலில் இவற்றை வாங்குவோரிடம் காணப்படும் பொதுவான தவறு.

வழுக்குவதற்கான காரணம்

பனிக்கட்டியின் மேற்பரப்பில், உறைநிலைக்குக் கீழேயும், நீர்போன்ற மிக மெல்லிய படலம் ஒன்று உள்ளது என்ற கருத்தை மைக்கேல் பாரடே 1850-இல் முன்வைத்தார். பனிக்கட்டியின் மேல் ஒரு பொருள் நகரும்போது உராய்வினால் தோன்றும் வெப்பமும் நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று பவுடன், இயூசு ஆகியோர் 1939-இல் காட்டினர். காரணம் எதுவாயினும், வெப்பநிலை 0 பாகை செல்சியசை நெருங்க நெருங்கப் பனிக்கட்டி மேலும் வழுக்குகிறது. -20 பாகையில் உள்ள பனிக்கட்டி, -1 பாகையில் உள்ளதைக் காட்டிலும் குறைவாகவே வழுக்கும். கடுங்குளிரை விட மிதமான குளிரே மிதிவண்டி ஓட்டுநருக்கு ஆபத்தானது என்பது, குளிர்நாடுகளைப் பார்த்திராதோருக்கு வியப்பளிக்கக் கூடும்.

உலர்ந்த தார்ச்சாலையில் இரப்பரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 அல்லது அதற்கு மேல். ஈரமான பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கும். மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில், அதாவது நொடிக்கு 5 மீட்டர் விரைவில், செல்லும் மிதிவண்டியை எடுத்துக் கொள்வோம். உராய்வுக் குணகம் 0.7 ஆனால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு 2 மீட்டர் அளவே போதும். குணகம் 0.1 ஆனால் ஏறத்தாழ 13 மீட்டர் தேவை. திரும்புவதும் இவ்வாறே. அதே விரைவில் அந்தப் பனிக்கட்டியின் மேல் வழுக்காமல் திரும்ப வேண்டுமானால், வளைவின் ஆரை 25 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நகரத் தெருமுனைகளில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

மகிழுந்து வழுக்கினால் நான்கு சக்கரங்களின் மேல் நின்றபடியே சறுக்கும். மிதிவண்டியோ, முன்சக்கரத்தைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் திருப்புவதால்தான் விழாமல் நிற்கிறது. முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிய உடனே இந்தச் சமநிலை முறை முற்றாகச் செயலிழக்கிறது. ஓட்டுநர் கையை ஊன்றுவதற்குள் தரையில் கிடப்பார். மணிக்கட்டு, தோள், இடுப்பு ஆகிய இடங்களில் எலும்பு முறிவு ஏற்படுவது இவ்வகை வீழ்ச்சிகளில் வழக்கம். பின்சக்கரம் வழுக்கும்போது நிலைமை இவ்வளவு மோசமன்று. முன்சக்கரம் பிடிப்போடு இருக்கும் வரை, கைப்பிடியைத் திருப்பிப் பெரும்பாலும் சமாளித்து விடலாம்.

ஆணியின் அமைப்பும் செயற்பாடும்

ஆணி என்ற பெயர் இருப்பினும், இது மரத்தில் அடிக்கும் ஆணி போன்றதன்று. எஃகு அல்லது அலுமினியத்தால் ஆன சிறு உடல் ஒன்று, அடியில் அகன்ற தலையோடு இரப்பருக்குள் புதைந்திருக்கும். அகன்ற தலை, ஆணி வெளியே பிடுங்கிக் கொண்டு போகாமல் தடுக்கிறது. உடலின் நடுவில் தங்குதன் கார்பைடால் ஆன மெல்லிய தண்டு செருகப்பட்டிருக்கும். இத்தண்டின் முனையே இரப்பருக்கு வெளியே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீண்டு நின்று பனிக்கட்டியைக் குத்துகிறது.

ஆணி பற்றுவதற்குக் காரணம் அழுத்தம். முனையின் விட்டம் 2 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அதன் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மில்லிமீட்டர். ஓர் ஆணியின் மேல் 10 கிலோகிராம் எடை இறங்கினால், முனைக்குக் கீழ் உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 300 மடங்கை எட்டும். இரப்பர் தரையின் மேல் செலுத்தும் அழுத்தமோ, டயருக்குள் உள்ள காற்றின் அழுத்தத்தை ஒட்டியது, அதாவது 3 அல்லது 4 மடங்கே. இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் இரப்பர் மேலே மிதந்து செல்லும் இடத்தில் ஆணி உள்ளே இறங்குகிறது.

ஆணியின் பொருள் எதுவென்பது, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது. மோசு கடினத்தன்மை அளவுகோலில் 0 பாகைக்கு அருகில் உள்ள பனிக்கட்டி 1.5 அளவிலும், தங்குதன் கார்பைடு 9 அளவிலும் உள்ளன. பனிக்கட்டியைக் குத்துவதற்கு வெறும் எஃகே போதும். ஆனால் குளிர்கால நகரப் பயணத்தில் பெரும்பகுதி வெறுந்தார் மீதே நடக்கிறது. தாரில் கலந்துள்ள கருங்கற்கள் எஃகு முனையை விரைவில் மழுக்கி விடும். வெறும் எஃகு ஆணிகள் கொண்ட மலிவான டயர்கள் ஒரே குளிர்காலத்தில் பயனற்றுப் போவதுண்டு. கார்பைடு முனைகள் பல குளிர்காலங்கள் உழைக்கும். இவ்விரண்டும் கடையில் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், பொதியில் கார்பைடு எனக் குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாங்குவது நல்லது.

வரலாறு

பனிமேல் மிதிவண்டி ஓட்டுவது ஆணி டயரை விடப் பழமையானது. 1900-ஆம் ஆண்டில், அலாசுக்காவின் நோம் நகரில் தங்கம் கிடைப்பதாகச் செய்தி பரவியபோது, கனடாவின் டாசன் நகரிலிருந்து எட் செசன், மாக்சு இர்சுபெர்க்கு முதலியோர் உறைந்த யூக்கான் ஆற்றின் வழியே மிதிவண்டியில் நோம் சென்று சேர்ந்தனர். அவர்களுடைய வண்டிகளில் அக்காலத்துச் சாதாரண டயர்களே இருந்தன.

குளிர்கால டயர்த் தொழிலில் பின்லாந்துக்குத் தனி இடம் உண்டு. 1898-இல் தொடங்கப்பட்ட பின்லாந்து இரப்பர்த் தொழிற்சாலை, 1925-இல் மிதிவண்டி டயர்களைச் செய்யத் தொடங்கியது. பாரவுந்துகளுக்கான குளிர்கால டயரை 1934-இலும், மகிழுந்துகளுக்கான அக்கப்பெலீத்தா என்ற குளிர்கால டயரை 1936-இலும் அது வெளியிட்டது. அக்கப்பெலீத்தா என்பது முப்பதாண்டுப் போரில் சுவீடனுக்காகப் போரிட்ட பின்லாந்துக் குதிரைப் படையினரின் பெயர். இத்தொழிற்சாலை 1967-இல் நோக்கியா நிறுவனத்தோடு இணைந்தது; 1988-இல் அதன் டயர்ப் பிரிவு நோக்கியன் என்ற தனி நிறுவனமானது. தொலைபேசிகளால் உலகறிந்த நோக்கியாவும் இந்த டயர்களும் ஒரே ஊரின் பெயரைத் தாங்கியிருப்பதற்குக் காரணம் இதுவே. நோக்கியன் பெயரில் அறியப்பட்ட ஆணி பதித்த மிதிவண்டி டயர்கள் பின்னர் சுவோமி டயர்சு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. செருமனியின் சுவால்பே, கான்டினென்டல் ஆகிய நிறுவனங்களும் இத்துறையில் பெயர் பெற்றவை.

தேர்வு செய்தல்

எண்ணிக்கையும் வரிசையும்

விற்பனையாளர்கள் முதன்மையாக விளம்பரப்படுத்துவது ஆணிகளின் எண்ணிக்கையை. பின்லாந்து டயர்களின் பெயரிலேயே அது இருக்கும். டபிள்யூ106 என்பதில் 106 ஆணிகளும், டபிள்யூ240 என்பதில் 240 ஆணிகளும் உள்ளன. கான்டினென்டல் நிறுவனமும் ஒரே டயரை 120 ஆணி, 240 ஆணி என இரு வடிவங்களில் வெளியிட்டது. மலைப்பாதைக்கான அகன்ற டயர்களில் 300-க்கும் மேற்பட்ட ஆணிகள் இருப்பதுண்டு. ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாற நேரிடும்.

நகரப் பயன்பாட்டுக்கான 35 மில்லிமீட்டர் அகல டயர் ஒன்றின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். அது தரையைத் தொடும் நீளம் 9 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 106 ஆணிகள் நடுப்பகுதியின் இருபுறமும் இரண்டு வரிசைகளாக அமைந்திருந்தால், எந்நேரமும் நான்கு ஆணிகள் தரையைத் தொடும். 240 ஆணிகள் நான்கு வரிசைகளாக இருந்தால், நேராகச் செல்லும்போது நடுவில் உள்ள இரண்டு வரிசைகளே தரையைத் தொடும்; அவற்றில் உள்ளவை 120 மட்டுமே. ஆகவே அப்போது தரையில் படுவன ஐந்து ஆணிகள். கூடுதல் விலை கொடுத்து வாங்கினாலும், நேரான, சமமான பனிக்கட்டியில் பெரிய வேறுபாடு தெரியாது.

வேறுபாடு தெரிவது வண்டி சாயும்போதும், தரை மேடுபள்ளமாக இருக்கும்போதும் ஆகும். பகலில் உருகிய பனிக்குழம்பில் வண்டிகள் சென்று தடம் பதித்து, அது இரவில் அப்படியே உறைந்து விட்டால், சாலை முழுவதும் கல்போன்ற கால்வாய்கள் உண்டாகும். முன்சக்கரம் அக்கால்வாயின் சரிவில் ஏறும்போது, டயரின் நடுப்பகுதி தரையைத் தொடுவதில்லை, ஓரப்பகுதியே தொடுகிறது. அங்கு ஆணி இல்லையெனில் சக்கரம் வழுக்கும். இரு வரிசை டயரோடு ஆறு வாரம் நன்றாக ஓட்டியவர், ஏழாவது வாரம் இத்தகைய தடத்தில் விழுவது இதனால்தான்.

சுருங்கக் கூறின், ஒவ்வொரு நாளும் பனி வாரப்படும் சமமான பாதையில் செல்வோருக்கு இரு வரிசைகள் போதும். பனி வாரப்படாத உட்தெருக்கள், உறைந்த தடங்கள் நிறைந்த பாதைகள் ஆகியவற்றில் செல்வோருக்கு நான்கு வரிசைகள் தேவை. ஐயம் இருப்பின் நான்கு வரிசை டயரைத் தேர்வது பாதுகாப்பானது.

ஊரும் அதன் பராமரிப்பும்

பின்லாந்தின் ஊலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. அங்கு 900 கிலோமீட்டருக்கும் மேலான மிதிவண்டிப் பாதைகள் உள்ளன. முதலாவது குளிர்கால மிதிவண்டி மாநாடு 2013-இல் இந்நகரில்தான் நடைபெற்றது. ஊலுவில் பாதைகளில் உப்பிட்டுப் பனியை முற்றாக உருக்குவதில்லை. பனியை வாரி, எஞ்சியதைப் பல் உள்ள தகடுகளால் கீறி, சொரசொரப்பான இறுகிய பனித்தளமாகவே வைத்திருக்கின்றனர். அத்தளம் உறைநிலைக்கு நன்கு கீழே இருக்கும் வரை, ஆணி இல்லாத டயரிலும் பலர் பாதுகாப்பாக ஓட்டுகின்றனர். வெப்பநிலை 0 பாகையை நெருங்கி மேற்பரப்பு ஈரமாகும் நாட்களிலேயே ஆணியின் அருமை தெரியும்.

இதற்கு எதிரான முறை கோபனேகனிலும் இசுடாக்கோமின் முதன்மை மிதிவண்டிப் பாதைகளிலும் காணப்படுகிறது. அங்கு பனியைத் துடைத்து உப்பிடுகின்றனர். இசுடாக்கோமில் சுழலும் பெருந்துடைப்பம் பனியைக் கூட்டித் தள்ள, அதன் பின்னாலேயே உப்புநீர் தெளிக்கப்படுகிறது. இவ்வாறு பராமரிக்கப்படும் பாதையில் பெரும்பாலான நாட்களில் வெறுந்தாரே கிடைக்கும். அதில் மட்டுமே செல்பவருக்கு ஆணி டயர் வெறும் சுமை. ஆயினும் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதை வரை உள்ள உட்தெரு பெரும்பாலும் உப்பிடப்படுவதில்லை. விழுவதற்கு அந்த 200 மீட்டரே போதும். தேர்வு செய்யும்போது பயணத்தின் நல்ல பகுதியைக் காட்டிலும் கெட்ட பகுதியையே கருத வேண்டும்.

உப்புக்கும் எல்லை உண்டு. -10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு மிக மெதுவாகவே செயற்படும். மொன்றியல் போன்ற நகரங்களில், பகலில் உருகுவதும் இரவில் உறைவதும் மாறிமாறி நடப்பதால், உப்பிட்ட சாலையிலும் விடியற்காலையில் கரும்பனி தோன்றும். அந்நகரின் பிக்சி என்ற பொது மிதிவண்டிச் சேவை, 2023 நவம்பரில் குளிர்காலச் சேவையைச் சோதனை முறையில் தொடங்கியபோது, வண்டிகளில் ஆணி டயரைப் பொருத்தியது. வின்னிப்பெக் போன்ற கடுங்குளிர் நகரங்களில் வெண்பனி பல வாரங்கள் உருகாமல் இறுகிக் கிடக்கும். பார்வைக்கு அச்சமூட்டினாலும் அது ஓரளவு பிடிப்புள்ள தளமே.

முன்சக்கரமா, பின்சக்கரமா

இரண்டு சக்கரங்களுக்கும் ஆணி டயர் பொருத்துவதே சிறந்தது. ஒன்று மட்டுமே வாங்க இயலுமாயின் அது முன்சக்கரத்துக்கே உரியது. பின்சக்கரமே மிதிப்பதால் உந்தப்படுகிறது, எனவே பிடிப்பு அங்கேதான் தேவை என்று எண்ணிப் பின்சக்கரத்துக்கு மட்டும் பொருத்துவோர் உள்ளனர். மேட்டில் ஏறுவதற்கு அது உதவும். ஆனால் மேலே கூறியவாறு, ஓட்டுநரைத் தரையில் தள்ளுவது முன்சக்கரம். பின்சக்கரம் சுழன்று வழுக்கினால் வண்டி நகராது, அவ்வளவே. முன்னால் நான்கு வரிசை, பின்னால் இரண்டு வரிசை எனப் பொருத்துவது செலவைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு.

காற்றழுத்தம்

அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரே டயரை இரு வகையாகப் பயன்படுத்தலாம் என்பது நான்கு வரிசை டயரின் சிறப்பு. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் எனவும், அதில் 60 கிலோகிராம் பின்சக்கரத்தில் இறங்குகிறது எனவும் கொண்டால், 5 பார் அழுத்தத்தில் பின்டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர். 3 பார் அழுத்தத்தில் அது 20 சதுர சென்டிமீட்டராக விரியும். அழுத்தம் மிகுந்திருக்கும்போது டயர் நடுவில் மட்டும் தொடுவதால், வெறுந்தாரில் எளிதாக உருளும். அழுத்தத்தைக் குறைத்தால் டயர் தட்டையாகி ஓர ஆணிகளும் தரையை நெருங்கும். எவ்வாறாயினும் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள குறைந்த அளவுக்குக் கீழே இறக்கலாகாது. இறக்கினால் குழியில் விழும்போது உள்டியூப் நசுங்கிப் பஞ்சர் ஆகும்.

குளிர் தானாகவே அழுத்தத்தைக் குறைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள அறையில் 3 பார் அளவுக்குக் காற்று நிரப்பிய டயர், வெளியே -10 பாகையில் நிற்கும்போது 2.6 பார் அளவையே காட்டும். காற்று கசியவில்லை, வளி விதிப்படி அது சுருங்கியுள்ளது.

அளவும் இடைவெளியும்

டயரின் அளவைப் பழைய அங்குல முறையில் பார்ப்பதை விட, பக்கச்சுவரில் 37-622 என்பது போல் அச்சிட்டுள்ள பன்னாட்டுத் தர எண்ணைப் பார்ப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அது அமரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பழைய டயரில் உள்ளதோடு சரியாக ஒத்திருக்க வேண்டும். முதல் எண் சற்று மாறலாம். ஆனால் ஆணி வெளியே நீண்டிருப்பதாலும், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே பனிக்குழம்பு வந்து அடைத்து உறைவதாலும், கோடைகால டயருக்குப் போதுமாயிருந்த இடைவெளி குளிர்காலத்தில் போதாமல் போகும். சட்டத்தில் ஆணி உரசினால் வண்ணப்பூச்சை மட்டுமன்றி உலோகத்தையும் அரிக்கும். அகன்ற டயர் பொருந்தவில்லையெனில், மட்கார்டைக் கழற்றுவதை விடச் சற்றுக் குறுகிய டயரைத் தேர்வதே பலரின் வழக்கம். உப்பு கலந்த அழுக்குநீர் முதுகில் தெறிப்பதை எவரும் நெடுநாள் பொறுப்பதில்லை.

தடித்த டயர் மிதிவண்டிகள்

ஆழமான வெண்பனியில் ஓட்டுவதற்கென, ஏறத்தாழ 4 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர்கள் கொண்ட மிதிவண்டிகள் உள்ளன. அலாசுக்காவில் நாய்வண்டிப் பந்தயத் தடத்தில் 1987-இல் தொடங்கிய மிதிவண்டிப் பந்தயங்களை ஒட்டி இவ்வகை வளர்ந்தது. இரண்டு ரிம்களை இணைத்துப் பற்றவைத்தும், டயர்களை வெட்டித் தைத்தும் ஆர்வலர்கள் செய்துவந்த வண்டி, 2005-இல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் பக்சுலி என்ற வண்டியை வெளியிட்டபின் கடைகளில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. இதன் டயர்களில் காற்றழுத்தம் ஒரு பாரினும் குறைவாக இருப்பதுண்டு. எடை பரந்து இறங்குவதால் சக்கரம் பனிக்குள் புதைவதில்லை.

அகலம் மிகுந்தால் வழுக்காது என்ற எண்ணம் இங்கும் தவறானது. பனிக்கட்டியில், ஆணியற்ற தடித்த டயரும் மெல்லிய டயரைப் போலவே வழுக்கும். ஆகையால் தடித்த டயர்களிலும் ஆணி பதித்தவை விற்கப்படுகின்றன. சிலவற்றில் ஆணிக்கான குழிகள் மட்டும் இருக்கும். வாங்குபவர் வேண்டிய இடங்களில் தாமே ஆணிகளைச் செருகிக் கொள்ளலாம்.

பொருத்துதலும் பழக்குதலும்

புதிய ஆணி டயரைப் பொருத்தியவுடன் பனிக்கட்டியில் இறக்குவது முறையன்று. ஆணிகள் தத்தம் குழிகளில் நன்கு அமர்வதற்காக, முதல் 40 முதல் 50 கிலோமீட்டர் வரை வெறுந்தாரில், திடீர் பிரேக்கும் கடும் மிதிப்பும் இன்றி ஓட்ட வேண்டும் எனத் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். இதனைப் புறக்கணித்தவர்களின் டயரிலிருந்தே முதல் குளிர்காலத்தில் ஆணிகள் உதிர்கின்றன. உதிர்ந்த ஆணிக்குப் பதிலாக வேறு ஆணி வாங்கி, அதற்குரிய சிறு கருவியால் செருகலாம். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பின் அதன்படியே பொருத்த வேண்டும். பொருத்தும்போது தடித்த கையுறை அணிவது நல்லது.

முதல் கடும்பனிக்குப் பின்னரே டயரைத் தேடிச் செல்வோர், கடையில் தம் அளவு தீர்ந்து போயிருப்பதைக் காண்பர். கரும்பனி பெரும்பாலும் வெண்பனிக்கு முன்பே, மழை பெய்து ஓய்ந்த தெளிந்த இரவுகளில் தோன்றும் என்பதால், வெண்பனி விழுவதற்கு முன்பே பொருத்தி விடுவது தக்கது. பாலங்களின் மேற்பரப்பு முதலில் உறையும். ஆண்டுதோறும் டயரைக் கழற்றி மாட்டும் தொல்லையைத் தவிர்க்க, சிலர் ஆணி டயர் மாட்டிய தனிச் சக்கரங்கள் இரண்டை வைத்துக் கொள்கின்றனர்.

குறைபாடுகள்

ஆணி டயர் எடை மிகுந்தது. நகரப் பயன்பாட்டுக்கான ஒரு டயரின் எடை ஏறத்தாழ 1 கிலோகிராம் இருக்கும். மிதிப்பதற்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுவதால் பயண நேரமும் கூடும். வெறுந்தாரில் செல்லும்போது எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓசை இடைவிடாது கேட்கும். இதில் ஒரு நன்மையும் உண்டு: ஓசை திடீரென அடங்கினால், சக்கரம் பனியின் மேலோ பனிக்கட்டியின் மேலோ ஏறிவிட்டது என்று பொருள். இருட்டில் கரும்பனியைக் கண்ணால் காண இயலாத இடத்தில் பழகிய ஓட்டுநர் காதால் அறிவர்.

ஆணி எல்லாத் தளத்திலும் பற்றுவதில்லை. இரும்பு மூடிகள், வழவழப்பான கருங்கல் தளம், கட்டடங்களுக்குள் உள்ள ஓடு பதித்த தரை ஆகியவற்றில் கடினமான முனை உள்ளே இறங்காமல் சறுக்கும். நிறைய ஆணிகள் உள்ள டயர், வெறுந்தாரில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போதும் சாதாரண டயரைவிடச் சற்றுக் குறைவாகவே பற்றும். ஆணி டயரைப் பொருத்தியபின் பனிக்கட்டியில் கோடைகாலம் போலவே ஓட்டலாம் என்பதும் சரியன்று. பிடிப்பு 0.1-இலிருந்து 0.2 ஆக உயர்ந்தாலும் நிற்பதற்கு 6 மீட்டருக்கு மேல் வேண்டும். மேலும், வண்டி வழுக்காத இடத்தில் ஓட்டுநரின் காலணி வழுக்கும். சைகை விளக்கில் நின்று காலை ஊன்றும்போது விழுவோர் பலர்.

சட்டம்

மகிழுந்துகளின் ஆணி டயர்கள் சாலையை அரித்துத் தூசியை எழுப்புவதால், பல நாடுகளில் அவற்றுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. செருமனியில் 1975 முதல் மோட்டார் வண்டிகளுக்கு ஆணி டயர் தடை செய்யப்பட்டுள்ளது. சப்பானில் செண்டாய் முதலிய நகரங்களில் தூசி பெரும் தொல்லையாகியதை அடுத்து, 1990-இல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தடைகள் மிதிவண்டிக்குப் பொருந்தா. மிதிவண்டியின் எடையும் விரைவும் குறைவாக இருப்பதால், அதன் ஆணிகள் சாலைக்கு விளைவிக்கும் தேய்மானம் மிகச் சிறிது. எனினும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நடைக்கூடங்களிலும் தொடர்வண்டிகளிலும் வண்டியை உருட்டிச் செல்லும்போது தரையில் கீறல் விழும் என்பதால், அங்கு அதைத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.